எழுந்து போக விடும் விளையாட்டு

மாணவர்களே, பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் ஓர் அம்மா நம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். "சார், உங்க பக்கத்துல என்னென்னமோ எழுதுறீங்க. இந்த கேம் விளையாடுற பிள்ளைங்களுக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதக் கூடாதா? படிவம் 4 முடிச்ச பையன். சாப்பிடக் கூப்பிட்டா, 'இதோ அஞ்சு நிமிஷம்மா'ங்கிறான். அந்த அஞ்சு நிமிஷம் முடிஞ்சு நான் பார்த்ததே இல்ல," என்றார்.

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு தயக்கம். கண் கெடும், நேரம் கெடும், படிப்பு கெடும் என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்களும் அதைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள். எழுதுகிறவர் அந்த விளையாட்டை ஒரு நாளாவது விளையாடிப் பார்த்தாரா என்று உங்களுக்குச் சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான்.

நான் எப்போதாவது விளையாடுகிறவன். எல்ஆர்டி ரயிலில் இருபது நிமிடம், ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். கை வேகமும் போதாது. ஆனாலும் இந்த முறை என் அக்காள் மகனிடம் ஒரு பட்டியல் வாங்கிக்கொண்டு, ஆறு வாரம் ஒழுங்காக விளையாடிப் பார்த்தேன். எனக்குத் தோன்றியவற்றை எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம்.

பட்டியலில் முதலில் இருந்தது, நீங்கள் எதிர்பார்த்ததுதான்: மொபைல் லெஜண்ட்ஸ். ஐவர் கொண்ட இரண்டு அணிகள். எதிரணியின் கோட்டையை இடிப்பவர் வென்றார். முதல் மூன்று ஆட்டங்களிலும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். "மாமா, நீங்க சும்மா கோபுரத்துக்குப் பின்னாலயே நில்லுங்க, அதுவே பெரிய உதவி," என்றான் மருமகன். நான்காவது ஆட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து எதிரியைச் சுற்றி வளைத்தபோது என் கையும் நடுங்கியது. பொய் சொல்வானேன், மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த அம்மாவின் கேள்விக்கு விடையும் அன்றே கிடைத்தது. மகன் சொல்லும் 'அஞ்சு நிமிஷம்' பொய் இல்லை. இந்த ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது. பாதியில் எழுந்து போனால் மற்ற நான்கு பேரும் தோற்பார்கள். போனவருடைய நன்னடத்தைப் புள்ளி குறையும். புள்ளி குறைந்துகொண்டே போனால் தரவரிசை ஆட்டங்களில் சேர முடியாமல் போகும். ஓர் ஆட்டம் பத்து நிமிடத்திலும் முடியலாம், இருபது நிமிடத்தைத் தாண்டியும் இழுக்கலாம். அது விளையாடுகிறவனுக்கே தெரியாது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வான்? பொய் தொடங்குவது அதற்குப் பிறகுதான். தோற்றால், போன நட்சத்திரத்தை மீட்க இன்னோர் ஆட்டம். வென்றால், கை சூடாக இருக்கும்போதே இன்னோர் ஆட்டம். தோற்றாலும் வென்றாலும் விடை ஒன்றாகவே வருகிறதே, அங்கேதான் கவனிக்க வேண்டும்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் முடியாது. இதன் முதல் உலகப் போட்டி 2019இல் நம் புக்கிட் ஜாலில் அக்ஸியாத்தா அரங்கில் நடந்தது. 2024இன் கடைசியில் மறுபடியும் கோலாலம்பூருக்கு வந்தது. அதே 2024இல் ரியாத்தில் நடந்த எம்எஸ்சி போட்டியின் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு 4-3 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அன்று மாமாக் கடைகளில் இதைப் பற்றிப் பேசியவர்களில் சிலர் என் வயதுக்காரர்கள். ஆனால் பந்து உதைக்கிற எல்லாரும் ஹரிமாவ் மலாயா அணிக்குப் போவதில்லை என்பதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. என் யோசனை ஒன்றுதான்: மணிக்கணக்கை விட்டுவிடுங்கள், ஆட்டக்கணக்கு வையுங்கள். 'ஒரு மணி நேரம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கடைசி ஆட்டம் அதை மீறும். 'மூன்று ஆட்டம்' என்று சொன்னால் வீட்டாருக்கும் புரியும், உங்களாலும் வாக்கைக் காப்பாற்ற முடியும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று: வாம்பயர் சர்வைவர்ஸ். பார்க்கப் பழைய காலத்து விளையாட்டு மாதிரி இருக்கும். ஆயுதம் தானாகவே சுடும். நாம் நகர்ந்தால் போதும். ஆயுதங்களில் பூண்டும் ஒன்று. இரத்தக்காட்டேரியை விரட்டப் பூண்டு. பாட்டி பார்த்தால் சிரித்திருப்பார். ஆயிரக்கணக்கான பேய்கள் திரையை நிறைக்கும். பெட்டியைத் திறந்தால் வாணவேடிக்கையும் இசையுமாக அமர்க்களப்படும். இதை உருவாக்கிய லூக்கா கலான்தே முன்பு சூதாட்ட விளையாட்டுத் துறையில் வேலை பார்த்தவர். மனித மூளையை எந்த ஒளி இழுக்கும், எந்த ஓசை இழுக்கும் என்று அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்திருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டிக்குக் காசு கேட்கவில்லை. இன்னொன்றும் செய்திருக்கிறார். பெரும்பாலான களங்களில் 30ஆவது நிமிடத்தில் எமன் வருகிறான். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, பெரும்பாலும் ஒரே அடி; ஆட்டம் முடிந்தது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு வரும் அந்த எமனைப் பார்த்து, 'சரி, போய்ச் சாப்பிடு' என்று சொல்ல வந்தவன் மாதிரி எனக்குத் தோன்றியது. 2023இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த விளையாட்டு என்ற விருதைப் பெருஞ்செலவில் உருவான விளையாட்டுகளை எல்லாம் முந்திக்கொண்டு இது தட்டிச் சென்றது.

ஸ்டார்டியூ வேலியைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாக உட்கார்ந்து, படம், இசை, நிரல் என்று எல்லாவற்றையும் தாமே செய்து 2016இல் வெளியிட்டது. தாத்தா விட்டுச்சென்ற பண்ணைக்கு நகரத்து வேலையை உதறிவிட்டு வருகிற பேரன் அல்லது பேத்தி நீங்கள். விதைக்கலாம், மீன் பிடிக்கலாம், ஊராரோடு பழகலாம். யாரும் உங்களை அவசரப்படுத்துவதில்லை. நிரலாக்கம் படிக்கிற கல்லூரி மாணவர்கள் இதை விளையாடாவிட்டாலும், இது உருவான கதையையாவது தேடிப் படிக்க வேண்டும்.

கலவை என்று ஏன் சொன்னேன்? அங்கே ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். நாள் முடிந்து தூங்கினால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். தூங்கி எழுந்தவுடன் புது நாள், செடியில் பூ, அஞ்சல் பெட்டியில் கடிதம். இன்னும் ஒரு நாள் மட்டும் என்று நினைத்தே ஒரு சனிக்கிழமை இரவு நான் ஒரு பருவகாலத்தையே கடந்துவிட்டேன். ஒரு பருவம் என்றால் 28 நாள், பெருக்கிப் பாருங்கள். ஆனாலும் இதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு முறை காசு கொடுத்து வாங்கினேன். அதன் பிறகு அது என்னிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு வாரம் தொடாமல் இருந்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பயிர் வாடவில்லை, மாடு சாகவில்லை. நான் விட்ட இடத்தில் எல்லாம் காத்திருந்தன.

காத்திருக்காத விளையாட்டு ஒன்றையும் விளையாடினேன். பெயர் சொல்லப்போவதில்லை, அதே மாதிரி எத்தனையோ இருக்கின்றன. பதிவிறக்க இலவசம். ஓவியம் அற்புதம், இசை அதைவிட அற்புதம். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் பரிசு போச்சு. புதிய வீராங்கனை ஒருத்தி வருகிறாள், மூன்று வாரம் மட்டுமே கிடைப்பாள் என்று அறிவிப்பு. அவளை வாங்க முடியாது. குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு. குலுக்கச் சீட்டு வேண்டும், சீட்டுக்குக் கல் வேண்டும், கல்லுக்கு ரிங்கிட் வேண்டும். இப்படி மூன்று முறை மாற்றியபின் ஒரு குலுக்கலுக்கு எத்தனை ரிங்கிட் என்பது என் தலையில் தங்கவில்லை. தங்கக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. முதல் நாள் ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவு. ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து மின்பணப்பையின் கணக்கைத் திறந்து பார்த்தால் 87 ரிங்கிட். அந்த வீராங்கனையும் வரவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானேதான் விரலை வைத்து அழுத்தினேன். எனக்குச் சம்பளம் வருகிறது. அம்மாவின் மின்பணப்பை இணைக்கப்பட்ட கைப்பேசியை வைத்திருக்கும் 14 வயதுப் பையனை நினைத்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

இந்த வகைக் குலுக்கலுக்கு 'காச்சா' என்று பெயர். ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் உருண்டையில் பொம்மை விழுமே, அதிலிருந்து வந்தது. படிவம் 5 கூடுதல் கணிதத்தில் நிகழ்தகவுப் பரவல் படிக்கிறவர்கள் இப்போது பேனாவை எடுக்கலாம். இந்த வகையில் மிகப் புகழ்பெற்ற கென்ஷின் இம்பேக்ட், ஐந்து நட்சத்திரப் பொருள் விழும் வாய்ப்பை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது: ஒரு குலுக்கலுக்கு 0.6 விழுக்காடு. விழாமல் இருக்கும் வாய்ப்பு 0.994. அதை 50 முறை பெருக்குங்கள். சுமார் 0.74 வரும். அதாவது 50 முறை குலுக்கிய நூறு பேரில் 74 பேருக்கு ஒன்றும் விழாது. 90ஆவது குலுக்கலில் ஒன்று நிச்சயம் உண்டு. ஆனால் அது நீங்கள் விரும்பிய வீரராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள்தான் நீங்கள் எல்லாரும். திரையில் நட்சத்திரம் வெடிக்கும்போது யாரும் கணக்குப் போடுவதில்லை, அவ்வளவே.

2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட வேண்டும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் குலுக்கல்களை விற்கக்கூடாது. பெல்ஜியம் 2018இலேயே, காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும் என்று சொல்லிவிட்டது. மற்ற சில நாடுகள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டன. தென்கொரியா 2011இல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பத்து ஆண்டு கழித்து அதை நீக்க முடிவு செய்தது. சீனா 2021இல், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும்தான் இணைய விளையாட்டு என்றது. கடிகாரச் சட்டத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பண்ணையில் தக்காளி நடுகிற ஒரு மணி நேரமும், குலுக்கலில் பணம் போடுகிற ஒரு மணி நேரமும் அதற்கு ஒன்றுதான். நம் வீடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் சண்டை நடக்கிறது. எவ்வளவு நேரம் என்று கேட்கிறோமே தவிர, எந்த விளையாட்டு என்று கேட்பதில்லை.

எது சூதாட்டம் என்பதில் பெரியவர்களே தடுமாறியதற்கு பலாட்ரோ நல்ல எடுத்துக்காட்டு. கனடாவைச் சேர்ந்த, தம் உண்மைப் பெயரை வெளியிடாத ஒருவர் உருவாக்கி 2024இல் வெளியிட்ட சீட்டு விளையாட்டு அது. போக்கர் ஆட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகளை வைத்துப் புள்ளி எடுக்க வேண்டும். ஜோக்கர் சீட்டுகள் அந்தப் புள்ளியைப் பெருக்கும். தீபாவளி இரவில் பெரியவர்கள் பாய் விரித்துச் சீட்டுப் போடும்போது எட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். இதில் பணம் கட்ட வழியே இல்லை. இந்த விளையாட்டைச் சூதாட்டக்காரர்கள் யாருக்கும் விற்கவோ உரிமம் கொடுக்கவோ கூடாது என்று தம் உயிலிலேயே எழுதிவிட்டதாக அதன் படைப்பாளர் சொன்னார். ஆனால் ஐரோப்பாவின் பெகி தர நிர்ணய அமைப்பு, போக்கர் சீட்டு தெரிகிறதே என்று இதற்கு 18 வயது முத்திரை குத்தியது. அதே அமைப்பு, காசு கொடுத்துத் திறக்கும் வீரர் பொட்டலங்களை வைத்திருக்கும் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி கால்பந்து விளையாட்டுக்கு 3 வயது போதும் என்றிருந்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் பலாட்ரோவின் முத்திரை 12 வயதாகக் குறைந்தது. விளையாட்டைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? மிக நன்று. ரயிலில் ஒரு நிலையம் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

மருமகனின் பட்டியலில் இல்லாத ஒன்றையும் நானாகத் தேடி விளையாடினேன்: 'வெண்பா'. ஆம், நம் இலக்கணப் பாடத்தில் வருகிற அதே சொல்தான். டொரோண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்டது. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போகும் ஒரு தம்பதியின் கதை. மனைவியின் பெயர் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். நாம் செய்ய வேண்டியது சமையல். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரியை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். ஏழாம் வகுப்பு... நம் வழக்கில் சொன்னால் படிவம் 1 படிக்கும் பிள்ளைகூட விளையாடிவிடலாம், அவ்வளவு எளிது.

எளிது என்று நினைத்து உட்கார்ந்தவன்தான் நானும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளாக இட்லி தின்கிறேன்; தட்டின் ஓட்டைகள் எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நடுவே கதை நகர்கிறது. தாயும் தந்தையும் தகுந்த வேலை கிடைக்காமல் அலைகிறார்கள். மகன் வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். தாய் ஒரு மொழியில் கேட்க, பிள்ளை இன்னொரு மொழியில் பதில் சொல்கிறான். நம் வீடுகளில் கேட்காத உரையாடலா அது? கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் சாப்பாட்டு மேசையில் தினமும் நடப்பதுதானே. தமிழ்ப் பெயர் வைத்த, தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியில் நடக்கிற ஒரு விளையாட்டு, 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப்பின் தலையாய விருதையும் வாங்கியது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைத்தபோது, இந்தப் பக்கத்தை நடத்துகிற எனக்கே சற்று வெட்கமாக இருந்தது.

குறையும் உண்டு. சில ஆண்டுகளைத் தாவித் தாவிச் செல்வதால் பாவலன் நம் மனத்தில் பதியும் முன்பே கதை அவரைத் தாண்டிவிடுகிறது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று மருமகன் கேட்டான். 87 ரிங்கிட்டுக்கு எனக்கு என்ன கிடைத்தது என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

நம் நாட்டில் உருவானதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஃபைனல் ஃபேன்டசி 15 விளையாட்டின் வடிவமைப்பில் ஜப்பானில் முன்னணிப் பொறுப்பு வகித்த வான் ஹஸ்மெர், நாடு திரும்பி இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய மெட்ரோனோமிக் நிறுவனத்தின் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' 2020இல் வந்தது. ராக் இசைக் கலைஞர் இருவர் மின்னிசைப் பேரரசு ஒன்றை எதிர்த்துக் கிளம்புகிறார்கள். இசைத் தாளத்தைக் காதில் வாங்கித்தான் எதிரியின் அடியிலிருந்து விலக வேண்டும். எனக்குத் தாளம் வராது. இரண்டாவது எதிரியோடு சரி. மிருதங்கம், தபேலா பழகுகிறவர்கள் விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தேன். பையன் என்ன விளையாடுகிறான் என்று கேட்டேன். "என்னமோ கேம் சார். எனக்கு எங்க தெரியும்?" என்றார். ஒரு நாள் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அது எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் பணம் கேட்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள் என்றேன். அவர் அரைமனத்தோடு 'ம்' என்றார். மகனிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொல்லி, அவனிடம் 'வெண்பா'வைப் பற்றிச் சொன்னேன். இட்லித் தட்டில் நிச்சயம் மாட்டிக்கொள்வாய், விடையை இணையத்தில் தேடாதே, அம்மாவைக் கூப்பிட்டுக் கேள் என்றேன்.

"அம்மாகிட்டயா?" என்று சிரித்தான். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "என்னடா, என்ன கேக்கணுமாம்?"